நாற்காலிக்கு அளவு கொடுத்தவர்

நாற்காலி சூடாக இருந்தது.

குஷன் அக்கா கையை எடுத்துவிட்டு, புறங்கையால் மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். காலை எட்டரை மணி. சாவி போட்டு மண்டபத்தைத் திறந்தவள் அவள். முந்தின நாள் சாயங்காலம் பூட்டிவிட்டுப் போனவளும் அவள்தான். வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், பெயிண்ட்காரர்கள் சன்னல் அத்தனையையும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடியிருந்தார்கள். புது டிஸ்டெம்பர் வாசனை, மரத்தூள் வாசனை, அவற்றுக்கெல்லாம் அடியில் எத்தனை பூச்சு பூசினாலும் போகாத பழைய வீட்டின் ஈர வாசனை. இருக்கையின் நடுவில் மட்டும், ஒரு ஆள் இப்போதுதான் எழுந்து போனால் இருக்குமே, அந்தச் சூடு. காவலாளி ஏறி உட்கார்ந்திருப்பான், யாருக்குத்தான் ஆசை இருக்காது என்று நினைத்தாள். அவனிடம் சாவி கிடையாது என்பது நினைவுக்கு வந்தபோது அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. பையைப் பிரித்து ஊசிகளை எடுத்து வைத்தாள்.

ஐம்பத்தாறு வயது. முப்பத்தைந்து வருடமாகக் குஷன் வேலை. பேருந்து சீட்டிலிருந்து கல்யாண மண்டபத்துச் சோபா வரை தைத்துத் தைத்து, வலது கையில் மூன்று விரல்கள் காலையில் பத்து மணிக்குத்தான் விழித்துக்கொள்கின்றன. இந்த ஒரு வேலையோடு கடையை மூடிவிட வேண்டும். மூடிவிட்டு, வீட்டுக்காரரும் தானுமாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் தூங்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சம் இல்லை.

அந்தக் கட்டடம் முன்பு நம்மை ஆண்டவர்களின் மாளிகை. இந்த மண்டபத்தில்தான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், மற்றவர்கள் நின்றார்கள். இப்போது நாடு நம்முடையது ஆகிவிட்டது, மாளிகை அரசாங்க அலுவலகமாக மாறுகிறது, மண்டபத்தில் புது அதிபர் பதவி ஏற்கப்போகிறார். அதனால் பழையவர்களின் அடையாளம் எதுவும் கண்ணில் படக்கூடாது என்று ஒரு குழு போட்டிருந்தார்கள். கூரையில் இருந்த சிங்கங்களைச் செதுக்கி எடுத்தாயிற்று. கதவுகளுக்கு நம் காட்டு மரம், திரைகளுக்கு நம் தறித் துணி, சுவரில் நம் சின்னம். மூன்று மாதமாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், எடுத்து மாளவில்லை. ஒரு பூச்சைச் சுரண்டினால் அதற்கடியில் வேறொரு நிறம் வந்து நிற்கிறது.

குழுவின் செயலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் உயிரை வாங்குகிறவர். நடுவில் வைக்கும் பெரிய நாற்காலியை அவளிடம் ஒப்படைத்தபோதே ஒரு படிவத்தை நீட்டினார். நாற்காலிக்குள் போகும் ஒவ்வொரு பொருளும் புதியது, இந்த நாட்டில் விளைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"உள்ள வைக்கிறதுமா சார்? அதை யாரு பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்கம்மா. அதனாலதான் எழுதி வாங்குறோம்."

பெரிய நாற்காலி என்றால் சும்மா அடைத்துத் தைத்துவிட முடியாது. அதே உயரம், அதே உடம்பு உள்ள ஒரு ஆளை நாலைந்து நாள் உட்கார வைத்து, அவர் எடைக்கு உள்ளே இருப்பது எப்படி நகர்கிறது என்று பார்த்து, ஊசியால் நெருடி நெருடிச் சரி செய்ய வேண்டும். அதிபருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது. குஷன் அக்கா செய்தித்தாளில் அவர் படத்தைப் பார்த்தாள். பிறகு எதிரே காலை நீட்டிக்கொண்டு ரேடியோவோடு வாதாடிக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அதே தோள், அதே தொப்பை.

முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர் அவர். கண் மங்கியதும் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். வாய் மட்டும் ஓயவில்லை. தனியாக இருந்தாலும் ஏதாவது ஒரு மெட்டை மூக்கால் முனகிக்கொண்டே இருப்பார். எங்கே சாய்ந்தாலும் இரண்டே நிமிடத்தில் குறட்டை. குழு அவரை அளந்து பார்த்துச் சரி என்று ஒரு கடிதம் கொடுத்தது. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு தெருவில் ஒருவர் விடாமல் காட்டினார். பெயிண்ட்காரர்கள் அவருக்கு டம்மி அதிபர் என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் சந்தோஷம்தான்.

"என்னங்க, அங்க வந்து வாயை மூடிக்கிட்டு உக்காருவீங்களா?" என்று கேட்டாள்.

"உக்காருறதுக்கு எனக்குச் சொல்லித் தரணுமா? முப்பது வருஷம் உக்காந்தே சம்பாதிச்சவன்மா நான்."

சிக்கல் நாரில் வந்தது. நம் நாட்டுத் தேங்காய் நார், நல்ல நார்தான். ஆனால் அவர் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் சப்பையாகிவிட்டது. பிரித்து, பஞ்சு கலந்து, மறுபடி அடைத்தாள், அதுவும் அமுங்கியது. மூன்றாம் தடவை பிரித்தபோது பதவியேற்புக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. செயலாளர் குனிந்து பார்த்துவிட்டு, அதிபர் குழிக்குள் உட்கார்ந்த மாதிரி தெரிவார் என்றார். அன்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்கட்டில், அகற்ற வேண்டியவை என்று சீட்டு ஒட்டிய குவியலில், ஆண்டவர்களின் பழைய நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அந்தக் காலத்துக்காரன் எப்படிச் செய்திருக்கிறான் என்று பார்க்கத்தான் போனாள். அடித்துணியைக் கீறி விரலை விட்டாள். கறுப்பு முடி. சுருள் சுருளாக, இறுக்கமாக, அத்தனை வருடம் மனித பாரத்தைத் தாங்கிய பிறகும் நொறுநொறுவென்று விரலை எதிர்த்துத் தள்ளியது. குதிரை முடி என்பார்கள். அவள் தன் ஆயுளில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். குஷன் வேலை தெரிந்த யாரும் அதை எறிய மாட்டார்கள். மரம் உளுத்துப்போகும், துணி கிழிந்துபோகும், அந்த முடிக்கு மட்டும் சாவு கிடையாது. அலசி, காயவைத்து, கோதி, அடுத்த நாற்காலிக்குள் வைப்பார்கள். தொழிலில் அது தப்பே இல்லை. இரண்டு கோணிப்பை நிறைய எடுத்து வந்தாள்.

மொட்டை மாடியில் அலசினாள். தண்ணீர் பழுப்பாக வந்தது. நாலு தண்ணீர் மாற்றியும் பழுப்பு விடவில்லை. ஐந்தாவதில், கை ஓய்ந்து, போதும் என்று விட்டுவிட்டாள். கோதும்போது தடித்த இழைகளுக்கு நடுவே மெல்லியவையும் வந்தன. சில அவள் கை நீளம் இருந்தன, ஒன்றிரண்டு நரைத்திருந்தன. பல குதிரைகளுடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மேலே தேசியத் துணியைப் போர்த்தித் தைத்து முடித்து, படிவத்தில் புதிய தேங்காய் நார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

முதல் நாள் அவர் உட்கார்ந்ததும், "ஆகா" என்றார். அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை.

அதைத்தான் அவள் கவனித்திருக்க வேண்டும். அப்போது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சாய்ந்து குறட்டை விடாமல், காலை ஆட்டாமல், கைப்பிடிகளின் மேல் கையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். இருக்கை அமுங்கவே இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தார்.

"என்னமோ கரகரங்குது. தூசியா இருக்கும்."

"சுரண்டுறாங்கல்ல அங்க. வெந்நீர் குடிங்க."

இரண்டாம் நாள் காலையில்தான் அந்தச் சூடு. அன்று சாயங்காலம் அவர் வீட்டுப் படி ஏறும்போது மூன்றாம் படி முனகியது. இத்தனை வருடத்தில் அந்தப் படி அப்படிச் சத்தம் போட்டதில்லை. படுத்தபோது கட்டில் அவர் பக்கம் இறங்கி, அவள் சரிந்து அவர் மேல் போய் விழுந்தாள். உடம்பு குளிர்ந்து, வியர்வைப் பிசுக்கே இல்லாமல், துணியைத் தொட்ட மாதிரி இருந்தது. குறட்டை வருமா என்று விழித்துக் கிடந்தவள், காத்திருந்தபடியே தூங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் இருக்கை லேசாகக் குழிந்திருந்தது. முடி அமுங்கி இடம் பிடிக்கிறது, அது வழக்கம்தான் என்று ஊசியை விட்டு ஓரங்களில் இருந்து நடுவுக்குத் தள்ளினாள். தள்ளுவதற்கு ஓரங்களிலும் அதிகம் இல்லை. கணக்கு தப்பியிருக்கும், குறைவாக அடைத்திருப்பேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அவர் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். அவள் கூப்பிடவில்லை.

அன்று மதியம் ஒன்று நடந்தது. விளக்கு மாட்டும் எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவர் கேட்க வந்தான். வந்தவன் நாற்காலிக்கு எதிரில் நின்றான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். ஏணியிலிருந்த பெயிண்ட்காரர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் தச்சர். மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு, எதற்கோ முறை காத்திருக்கிறவர்கள் போல நின்றார்கள். வீட்டுக்காரர் மூன்று பேரையும் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். கண் மங்கியவர் அப்படிப் பார்த்து அவள் பார்த்ததில்லை.

"என்னப்பா, வேலை இல்லையா?" என்று அதட்டினாள். 

கலைந்து போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து எலக்ட்ரீஷியன் அவளிடம் வந்து, "நான் எதுக்குக்கா அங்க நின்னேன்?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். அவன் விளையாடவில்லை. அன்றிலிருந்து யாரும் அவரை டம்மி அதிபர் என்று கூப்பிடவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

"ஏங்க, ரெண்டு வாயாவது சாப்பிடுங்களேன்."

அவர் அவளைப் பார்த்தார். அந்த நிமிடம் அவர் பழைய ஆளாக, பயந்துபோன ஆளாக இருந்தார்.

"உள்ள இடம் இல்லம்மா" என்றார்.

"வாயுவா இருக்கும்."

"இல்ல. இடமே இல்ல. நாளைக்கு நான் வரலையே."

 அதற்கு அவள் என்ன சொன்னாள்? நாளை ஒரு நாள்தான், செயலாளர் பார்க்க வருகிறார், ஆள் உட்கார்ந்திருந்தால்தான் காட்ட முடியும், இதோடு எல்லாம் முடிந்தது, அப்புறம் எத்தனை நாள் வேண்டுமானாலும் தூங்கலாம் என்றாள். கெஞ்சினாள் என்றுகூடச் சொல்லலாம். அவ்வளவு அசதி. அவர் தலையை ஆட்டினார். ஆட்டும்போது கழுத்துக்குள் மெல்ல ஏதோ நொறுநொறுத்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். எங்கே கேட்டிருக்கிறோம் என்று யோசிக்காமல் இருக்க முயன்றாள்.

கடைசி நாள் காலையில் எழுந்தபோது பக்கத்தில் அவர் இல்லை. செருப்பு வாசலில் கிடந்தது. அவள் தலையைக்கூடச் சீவாமல் ஓடினாள். சாவி அவள் பையில்தான் இருந்தது. மண்டபக் கதவு பூட்டித்தான் இருந்தது. திறந்தாள்.

அவர் உட்கார்ந்திருந்தார்.

எப்படி வந்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம். பிளாஸ்டிக் தாள்களை எடுத்துவிட்டிருந்தார்கள். மண்டபம் முழுக்க வெளிச்சம். புதுச் சின்னம், புதுத் திரை, புதுக் கதவு. நடுவில் அவர். நன்றாகப் பொருந்தியிருந்தார். சுவரில் இருந்த எதுவும் அவ்வளவு பொருந்தவில்லை.

அப்போதே முடிவு செய்துவிட்டாள். பிரித்துவிடுவது. முடியை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, செயலாளர் வந்ததும் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது. கடை போனால் போகட்டும். பேர் போனால் போகட்டும். இந்த மனுஷனை வீட்டுக்குக் கூட்டிப் போனால் போதும்.

"எழுந்திரிங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

எழுந்தார். மெதுவாக, முழங்கால் மடங்காமல். சன்னலோரம் போய் நின்றார்.

நாற்காலியைக் கவிழ்த்தாள். தேக்குச் சட்டம் போட்ட நாற்காலி. நேற்று அவளால் அசைக்க முடியாதது. இன்று ஒரு கையால் கவிழ்ந்தது. அடித்துணியின் ஓரத்தில் கத்தியை வைத்து இழுத்தாள். ஆணிகள் தெறித்தன. துணியை மடித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

ஸ்பிரிங். கோணி. பட்டை.

வேறு ஒன்றும் இல்லை.

கையை முழங்கை வரை விட்டுத் துழாவினாள். ஓரங்களில் தேடினாள். மூலைகளில் தேடினாள். இரண்டு கோணிப்பை முடி. தன் கையால் கோதி, தன் கையால் அடைத்தது. ஒரு இழைகூட இல்லை. மேல்துணியில் தையல் ஒன்றும் பிரியவில்லை. அடித்துணியை இப்போதுதான் அவளே கீறினாள். எப்படிப் போகும். எங்கே போகும்.

"என்ன தேடுற?"

பக்கத்தில் நின்றார். நடந்து வந்த சத்தம் கேட்கவில்லை. குரல் அவருடையதுதான். ஆனால் ஒரு மெத்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிற மாதிரி, மூச்சே இல்லாமல் வந்தது.

வாசலில் ஆள் நடமாட்டம். செயலாளரின் செருமல். கூட இன்னும் நாலைந்து பேர்.

அவர் குனிந்து, நாற்காலியை நிமிர்த்தி வைத்து, உட்கார்ந்தார். கைகள் கைப்பிடிக்குப் போயின. முதுகு நேரானது.

"வேண்டாங்க. வந்துடுங்க. வீட்டுக்குப் போயிடலாம், வாங்க" என்று அவர் தோளைப் பற்றினாள்.

கை அமுங்கியது.

முப்பத்தைந்து வருடம் எதைத் தொட்டாலும் அமுக்கிப் பார்த்த கை. எலும்பு தட்டுப்படவில்லை. சதை தட்டுப்படவில்லை. அவள் உள்ளங்கைக்குக் கீழே, சட்டைக்குக் கீழே, தோலுக்குக் கீழே அது நொறுநொறுவென்று நகர்ந்து, ஓரங்களுக்கு ஒதுங்கி, இடம் கொடுத்தது. நன்றாக அடைத்திருந்தது. அவள்கூட அவ்வளவு நன்றாக அடைத்ததில்லை.

அவர் வாயோரத்தில் ஒரு இழை எட்டிப் பார்த்தது. கறுப்பு. சுருண்டது.

செயலாளர் உள்ளே வந்து, நாலடி தள்ளி நின்றார். கூட வந்தவர்களும் நின்றார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் செயலாளர், தரையைப் பார்த்தபடி. "அமைச்சருங்க அறைக்கெல்லாம் இதே மாதிரி வேணும்னு சொல்றாங்க. இன்னும் பதினெட்டு. செய்ய முடியுமா?"

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது நாக்கின் நுனியில்தான் இருந்தது. 

அதற்குள் நாற்காலியிலிருந்து அவர் சொன்னார்.

"செய்யலாம். உக்கார ஆள் அனுப்புங்க."

பதினெட்டுப் பேரா என்று செயலாளர் பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள். அவள் விரல் ஐந்தும் பதிந்த குழி அவர் சட்டைக்கு மேலே அப்படியே இருந்தது. எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். குழி மெல்ல மெல்ல மேலே எழும்பி வந்துகொண்டிருந்தது.